ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்

கொட்டுகிற மழையில் ஒருவன் குடையோடு நிற்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல், தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் கேபிள் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் மட்டும் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றால்?

மருந்துக்கடை வாசலில் ஒதுங்கியிருந்த அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அது அவர்கள் பெட்டி. அவள் சித்தப்பா நடத்தும் கேபிள் டிவி நிறுவனத்தின் பெட்டி. அதன் கதவு திறந்து கிடந்தது. அவன் ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக, உள்ளே இருந்த இணைப்புகளை ஒன்றுவிடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

மழையாவது ஒன்றாவது... விடுவிடுவென்று தெருவைக் கடந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

"ஹலோ! யாருங்க நீங்க? எங்க பெட்டியில என்ன பண்றீங்க?"

அவன் திரும்பினான். இமை முழுக்க மழைத்துளி. அதற்கு நடுவே இரண்டு கண்கள்... அமைதியான, அவசரமே தெரியாத கண்கள். திருட வந்தவனுக்கு இப்படிக் கண் இருக்கக் கூடாது என்று சட்டமே போடலாம்.

"படம் எடுக்கறேன்."

"அது தெரியுது. எதுக்கு எடுக்கறீங்க?"

அவன் அவளையே பார்த்தான். என்ன கேட்டாள் என்பதே மறந்துபோனவன் போல ஒரு நொடி... இரண்டு நொடி...

"அழகா இருக்கு," என்றான்.

"எது, இந்தப் பெட்டியா? கதை விடாதீங்க. இப்ப மூடலைன்னா கத்தி ஊரைக் கூட்டுவேன்!"

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. கதவை மூடினான். பூட்டினான். பூட்டுச் சாவி இவனிடம் எப்படி வந்தது என்று அவள் யோசிப்பதற்குள், குடைக் காம்பை அவள் கையில் திணித்தான்.

"பிடிங்க, நீங்க நனையறீங்க."

அவ்வளவுதான். மழைக்குள் நடந்து போயேவிட்டான். அவள் கையில் ஒரு கறுப்புக் குடை. மனதுக்குள் ஒரு கூடை சந்தேகம்.

மறுநாள் காலை கட்டுப்பாட்டு அறைக் கதவைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய நாற்காலியில், அவளுடைய கணினி முன்னால், நேற்றைய மழைக்காரன்! பக்கத்தில் சித்தப்பா சிரித்தபடி நின்றிருந்தார்.

"வாம்மா. இவர்தான் புதுக் கருவிகளைப் பொருத்த வந்திருக்கிற இன்ஜினியர். ஒரு மாசம் நம்மகூடத்தான் இருப்பார். நேத்தே வந்துட்டார், நான்தான் சாவியைக் கொடுத்து பெட்டியெல்லாம் பாத்துட்டு வரச் சொன்னேன்."

"நாங்க ஏற்கெனவே சந்திச்சிட்டோம் சார்," என்றான் இன்ஜினியர். "உங்க ஊர்ல காவல் பலமா இருக்கு."

அவளுக்கு முகம் சிவந்தது. வெட்கமா, கோபமா? கோபம்தான், கோபம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் அப்படிக் கொதிக்கக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறைக்கு, இதே மாதிரி அமைதியாக ஒரு டெக்னீஷியன் வந்தான். தங்கமான பையன் என்று நம்பி அவள்தான் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். அவன் வாடிக்கையாளர் பட்டியலை மொத்தமாக நகல் எடுத்துக்கொண்டு போட்டி நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தான். வடக்குப் பகுதியில் பாதி வீடுகள் கைவிட்டுப் போயின. சித்தப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை... அன்றிலிருந்து சிரித்துப் பேசும் எவனைக் கண்டாலும் அவளுக்கு உள்ளே மணி அடிக்கும்.

புதிய ஏற்பாடு என்னவென்று இன்ஜினியர் விளக்கினான். இத்தனை நாளும் இருநூற்றுச் சொச்சம் சேனல்களும் எல்லாத் தெருவுக்கும் ஒருசேர ஓடிக்கொண்டிருந்தன, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அதனால் கேபிளில் இடமே இல்லை.

"இனிமே அப்படி இல்லீங்க. ஓட்டல்ல யாராவது ஆர்டர் கொடுத்தாத்தானே அடுப்புல வைப்பாங்க? அந்த மாதிரி. ஒரு வீட்ல ஒரு சேனலைப் போட்டா, அந்த வீட்டு டிவியோட செட்டாப் பெட்டி இங்க வந்து கேக்கும். கேட்டா அந்தத் தெருவுக்கு அந்த சேனல் போகும். யாரும் பாக்கலைன்னா இடம் காலி, வேற சேனலுக்குக் கொடுத்துடலாம். எந்தப் பெட்டி எப்ப எதைக் கேட்டுதுன்னு இந்தத் திரையில வரிசையா வந்துட்டே இருக்கும்."

"அப்ப யார் என்ன பாக்கறாங்கன்னு எல்லாம் உங்களுக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"உங்களுக்குந்தான்."

"நான் இந்த ஊர்க்காரி. நீங்க?"

சித்தப்பா இருமினார். அப்புறம்தான் அவர் அந்தக் குண்டைப் போட்டார். "இதையும் கேட்டுக்கோம்மா. ஒரு மாசம் எண்ணிக்கை பாப்போம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருபது பெட்டிகூட கேக்காத சேனலை எடுத்துடறதா இருக்கேன். நம்ம தொண்ணூத்தொம்போது உட்பட."

தொண்ணூற்றொன்பது அவளுடைய சேனல். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேமரா, ஒரு மைக், ஒரு நீலத் திரைச்சீலையோடு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சாமான் அறையில் அவளே தொடங்கியது. நாள் முழுக்க மெல்லிய இசையோடு அறிவிப்பு எழுத்துகள் ஓடும். மாலை ஐந்து முதல் ஐந்தரை வரை அவளே உட்கார்ந்து படிப்பாள்: எந்தத் தெருவில் நாளைக்குத் தண்ணீர் வராது, யாருக்கு ரத்தம் தேவை, யாருடைய சாவிக்கொத்து எந்தக் கடையில் கிடக்கிறது... ஊரில் பாதிப் பேர் அவளை 'அறிவிப்பு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதை விட்டால் அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது?

அவள் இன்ஜினியரைப் பார்த்தாள். ஓகோ... இதற்குத்தான் வந்தாயா நீ?

அன்று மாலையே முதல் சண்டை. நீண்ட நேரம் ரிமோட்டில் யாரும் கை வைக்காவிட்டால், 'இன்னும் பார்க்கிறீர்களா' என்று திரையில் ஒரு கேள்வி வருமாம். பதில் இல்லை என்றால் அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று கருவி முடிவு கட்டிவிடுமாம். அந்த வாசகத்தை எழுதித் தரச் சொன்னான். அவள் எழுதித் தந்தாள்.

"'தாங்கள் தொடர்ந்து காண விரும்பின் ஏதேனும் ஒரு விசையை அழுத்துக'..." அவன் நிதானமாகப் படித்தான். "ஏங்க, விசைன்னா பட்டன்தானே?"

"ஆமா."

"அப்ப பட்டன்னே போட்டுடலாமே? ஜனங்க பயந்து டிவியை அணைச்சிடப் போறாங்க."

"தமிழ் படிச்சவ நானா நீங்களா?"

"நீங்கதான். ஆனா பட்டனை அழுத்தப் போறது அவங்க." சொல்லிவிட்டு, 'ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்' என்று திருத்தி ஏற்றியேவிட்டான். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே கேட்டான். "எவ்வளவு நேரம் சும்மா இருந்தா இந்தக் கேள்வி வரணும்? நாலு மணி நேரம் போடட்டுமா?"

"என்னத்தையோ போட்டுக்குங்க!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அந்த ஒரு பதில் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பாவம்.

முதல் வாரத்திலேயே எண்ணிக்கை வர ஆரம்பித்தது. மாலை ஐந்து மணிக்குத் தொண்ணூற்றொன்பதைக் கேட்ட பெட்டிகள்: ஏழு. மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் எட்டு. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு வருஷமாக ஏழு பேருக்கா தொண்டை கிழியப் படித்தோம்?

அதோடு புகார்கள் வேறு. தையற்கடை அக்கா போன் செய்தாள். "உங்க சேனலு மத்தியானத்துக்கு மேல வர்றதே இல்லையே, என்னாச்சு?" பல் டாக்டரிடமிருந்தும் அதே புகார். சலூனிலிருந்தும் அதே.

மத்தியானம் வரை வருகிறதாம், அதற்கு மேல் வருவதில்லையாம். ஐந்து மணிக்குத்தானே எண்ணுகிறார்கள்? அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. வேண்டுமென்றே எவனோ நிறுத்துகிறான். எவனோ என்ன... அவன்தான்!

"ஏணி அண்ணே, அந்த ஆள் வெளியே எங்க போறாருன்னு கொஞ்சம் கவனிங்க," என்றாள். ஏணி அண்ணன் அவர்களுடைய லைன்மேன். ஆளும் ஏணி உயரம், தோளில் எப்போதும் ஏணி. அவர் மூன்றாம் நாளே வந்து சேதி சொன்னார்.

"பாப்பா, அந்த ஆளு மத்தியானம் ஆனா ஒரு நோட்டைத் தூக்கிட்டுக் கெளம்பிடறாரு. கடை கடையா ஏறி எறங்கறாரு. எல்லாத்தையும் எழுதிக்கறாரு."

"எழுதறாரா!"

"எழுதறாரு. படங்கூட வரையறாரு."

பழைய கதை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து அவள் வைத்த பெயர் 'நோட்டுக்காரன்'. நேரில் மட்டும் 'சார்'.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். லாட்ஜில் அவன் தங்கியிருந்த பதினாலாம் நம்பர் அறைக்குச் சோதனைக்காக ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். சோதனைப் பெட்டி எண்ணிக்கையில் சேராது, ஆனால் வரிசையில் தெரியும். தினமும் சரியாக நாலு ஐம்பத்தெட்டுக்கு அந்தப் பெட்டி தொண்ணூற்றொன்பதைக் கேட்டது. ஐந்தரைக்கு விட்டுவிட்டது. ஒரு நாள் தப்பவில்லை.

வேவு பார்க்கிறானா? பதிவு செய்கிறானா? எதற்கு?

ஒருநாள் மத்தியானம் அவளே பின்தொடர்ந்தாள். கையில் அவனுடைய குடையே. திருப்பிக் கொடுக்கவில்லை, கேட்டால் கொடுப்போம் என்று வைத்திருந்தாள். அவனும் கேட்கவே இல்லை. தையற்கடைக்குள் அவன் ஸ்டூல் மேல் ஏறி நின்று டிவி பெட்டியின் முகப்பைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் நாலு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என்ன கற்றுக் கொடுக்கிறான்? யாரைக் கேட்டு?

வெளியே வந்தவன் நேராக அவள் முன்னால் வந்து நின்றான். ஒளியக்கூட இடம் இல்லை.

"மழையே இல்லை, குடையோட எங்க இந்தப் பக்கம்?"

"வெயிலுக்கு," என்றாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

அவன் சிரித்தான். சத்தமில்லாத, கண்ணால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. "நேத்து அறிவிப்புல ஒரு குழந்தை செருப்பு ஒத்தைக்கால் கிடைச்சுதுன்னு படிச்சீங்களே... கடைசில நீங்களும் சிரிச்சிட்டீங்க. அதான் நல்லா இருந்துச்சு."

அவள் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அடச்சே! இப்படித்தான் போன தடவையும் ஏமாந்தாய், மறந்துபோச்சா? தன்னையே திட்டிக்கொண்டு, "சார், வேலை இருக்கு," என்று திரும்பி நடந்தாள். பத்தடி போனதும் மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். அவன் நனைந்தபடி நோட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டிருந்தான். குடையைக் கொடுக்கலாமா என்று கை நீண்டது. நீண்ட கையை இழுத்துக்கொண்டாள்.

மாதம் முடிந்தது. கடைசி நாள் மத்தியானம் சித்தப்பாவின் அறையில் அவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். நோட்டு மேஜையில் விரிந்து கிடந்தது. தெருக்கள், கடைகள், கடைக்குக் கடை குறிப்பு... கதவிடுக்கில் அதைப் பார்த்தவளுக்குப் பொறுமை போய்விட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சித்தப்பா, கையும் களவுமா மாட்டிக்கிட்டார், பாத்துக்கோங்க! ஊரையே படம் வரைஞ்சு வச்சிருக்கார். யாருக்காகன்னு கேளுங்க. நம்ம சேனல் மத்தியானத்துக்கு மேல நிக்குதே, அதையும் இவர்தான் பண்றார்!"

சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. "என்ன தம்பி இது? நீங்க செட் பண்ணதாலதான் நிக்குதா?"

"ஆமா சார். நான் செட் பண்ணதாலதான். ஆனா இன்னிக்குக் காலைல..."

"கேட்டீங்களா! அவர் வாயாலேயே சொல்றார்!"

"ஒரு நிமிஷம் பேச விடுங்க..."

"பேசினது போதும். பேசிப் பேசித்தான் எல்லாரும் ஏமாத்தறீங்க. முதல் நாளே தெரியும் எனக்கு, திருட்டு முழி!"

அவன் கண்ணில் இருந்த அந்த நிதானம் அணைந்துபோனதை அவள் பார்த்தாள். ஏனோ அவளுக்கே அது வலித்தது.

அவன் நோட்டை மூடினான். அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். "வேலை முடிஞ்சுது சார். சாயங்காலம் அஞ்சரைக்கு எண்ணிக்கையை மட்டும் ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எனக்கு ஆறு மணிக்கு பஸ்." அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். "அவர் கதை எப்படியோ இருக்கட்டும். நேத்து எண்ணிக்கை ஆறு. இன்னிக்கும் இருபது வரலைன்னா... இதான் உன் கடைசி அறிவிப்பு. மனசைத் தேத்திக்கோம்மா."

நாலரை மணிக்கு அவள் அந்த நோட்டைத் திறந்தாள். எந்தப் போட்டி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று தேடத்தான் திறந்தாள். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

'99 மத்தியானம் நிற்பது ஏன்? காலை ஒன்பதுக்குக் கடை திறந்து டிவி போடுகிறார்கள். அப்புறம் யாரும் ரிமோட்டைத் தொடுவதில்லை. நாலு மணி நேரத்தில், ஒரு மணிக்கு, கருவி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுகிறது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது.'

நாலு மணி நேரம் போடட்டுமா என்று அவன் கேட்டான்... என்னத்தையோ போட்டுக்குங்க என்று சொன்னது யார்? சித்தப்பா முன்னால் அதை அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. சொல்லவில்லையே!

பக்கத்தைப் புரட்டினாள்.

'மருந்துக்கடை: ரிமோட் இருக்கிறது, பேட்டரி இல்லை. பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது.

பல் டாக்டர்: ரிமோட் டிராயரில் வைத்துப் பூட்டு. காத்திருப்பவர்கள் சேனலுக்குச் சண்டை போடுகிறார்களாம். 99 போட்டால் சண்டை வருவதில்லை.

தையற்கடை: ரிமோட் தொலைந்து ஒன்றரை வருஷம். அறிவிப்பு அக்கா குரல் வந்தால் ஐந்து மணி, எழுந்து விளக்குப் போடுவோம் என்கிறார்கள். இப்போது நேரமே தெரியவில்லையாம். பெட்டியின் முகப்பிலேயே பட்டன் இருப்பதைக் காட்டிக் கொடுத்தேன்.

பஸ் நிலையக் காத்திருப்பு அறை: டிவி கம்பிக் கூண்டுக்குள், பெட்டியும் அதற்குள்ளேயே. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.'

இப்படி முப்பத்தேழு இடங்கள். கடைசியாக: 'நேற்றுத்தான் எல்லா இடமும் பார்த்து முடிந்தது. இன்று காலை நாலு மணி நேரத்தைப் பன்னிரண்டாக மாற்றிவிட்டேன். மாலை எண்ணிக்கை சரியாக வரும். அவங்க சேனல் தப்பிச்சிடும். முதல்ல நிரூபிச்சிட்டு அப்புறம் சொல்லலாம்.'

அதற்குக் கீழே, வேறு பேனாவில் ஒரு வரி. 'லாட்ஜ், அறை 14. தினமும் ஐந்து மணி. கணக்கில் வராது.'

கணக்கில் வராது என்றால் எதற்கு எழுதினான்?

அவள் கண் நிறைந்துவிட்டது. திருட்டு முழி என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

நாலு ஐம்பத்தாறு. நாலு ஐம்பத்தேழு. திரையையே பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷத்தில் பதினாலாம் அறைப் பெட்டி கேட்கும். கேட்டால் அவன் இருக்கிறான் என்று அர்த்தம்.

நாலு ஐம்பத்தெட்டு வந்தது. போனது. முப்பது நாளில் முதல் தடவையாக அந்தப் பெட்டி கேட்கவில்லை.

"அக்கா, ரெண்டு நிமிஷத்துல நேரலை!" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, தினமும் மாலையில் கேமரா பிடிக்க வரும் கேமராக்காரி சைகை காட்டினாள். எழுந்து ஓட முடியாது. அவளுடைய ஐந்து மணி அறிவிப்பு இல்லாமல் இந்த எண்ணிக்கையே இல்லை. என்ன செய்வாள்? பெட்டிக்குத் திரையில் செய்தி அனுப்பும் வசதி இருந்தது. அவன்தான் பொருத்திவிட்டுப் போயிருந்தான். 'இன்னும் பார்க்கிறீர்களா' என்ற கேள்வி போகிற அதே வழி. படபடவென்று தட்டினாள்.

'நான் தப்பா நினைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க. கிளம்பாதீங்க. இருக்கீங்கன்னா ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்க.'

பதினாலாம் அறைப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். கருவி திரும்பி ஏதோ கேட்டது. இரண்டு வரி. யாருக்கு அதைப் படிக்க நேரம்? 'ஆம்' என்று அழுத்திவிட்டு ஓடிப்போய் நீலத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். இன்றைய அறிவிப்புகள்..."

அவள் படிக்காமல் விட்ட அந்த இரண்டு வரி இதுதான்: 'அந்தப் பெட்டி அணைக்கப்பட்டுள்ளது. 99 பார்க்கும் எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பவா?'

கடவுளே!

தண்ணீர் வராத தெருக்களை அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமர்க்களம் ஆரம்பித்தது. போன் அலறியது. ஏணி அண்ணன் எடுத்தார். அவர் குரல் தடுப்பைத் தாண்டிக் கேட்டது. "யாரு... தையற்கடையா? இல்லம்மா, யாரும் கெளம்பல... பட்டனை அழுத்திட்டீங்களா? சரி, சரி, போதும்." வைத்தார். மறுபடி அலறியது. "டாக்டர் சார்... நோயாளிங்க எல்லாம் அழுதாங்களா? யாரு யாரை மன்னிக்கணும்னு எனக்கும் தெரியல சார்!" சித்தப்பா ஓடிவந்து கணினி முன்னால் குனிந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு பட்டன்.

அவளுக்குக் காது சூடேறியது. என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. ஊருக்கே சொல்லித் தொலைத்தாயிற்று! ஆனால் சிவப்பு விளக்கு எரிகிறதே... படிக்கத்தான் வேண்டும். தொலைந்துபோன மூக்குக்கண்ணாடியைப் படித்தாள். ரத்தம் தேவைப்படும் நோயாளியைப் படித்தாள். கண் மட்டும் வாசல் கதவிலேயே இருந்தது.

ஐந்து இருபதுக்குக் கதவு திறந்தது.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தோளில் பயணப் பையோடு, மூச்சிரைக்க அவன் நின்றான். கண்ணாடித் தடுப்பு வழியே அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் நிதானம் திரும்பியிருந்தது... கூடவே ஒரு கேள்வியும்.

"கிடைத்த பொருள்," என்று அவள் படித்தாள். குரல் தடுமாறியது. "ஒரு... ஒரு கறுப்புக் குடை. ஒரு மாதமாக நம் அலுவலகத்திலேயே இருக்கிறது. உரியவர் வந்து... வந்து பெற்றுக்கொள்ளலாம்."

காகிதத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்று கேமராக்காரிக்குத் தெரியும். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவை அசையாமல் பிடித்தாள்.

ஐந்தரைக்கு விளக்கு அணைந்தது. சித்தப்பா எண்ணிக்கையை உரக்கச் சொன்னார். "ஐம்பத்தெட்டு!" இன்னொரு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "ஐம்பத்தெட்டும்மா! உன் சேனலை எவன் எடுப்பான்?" பிறகு நனைந்து நிற்பவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏணி அண்ணனின் தோளைத் தட்டினார். "வாப்பா, வெளியே ஏதோ கம்பி தொங்குது, பாத்துட்டு வருவோம்." எந்தக் கம்பியும் தொங்கவில்லை. கேமராக்காரியும் கூடவே நழுவினாள்.

இருவர் மட்டும். கருவிகளின் விசிறிச் சத்தம் மட்டும்.

"பட்டனை அழுத்தச் சொன்னா அழுத்த மாட்டீங்களா?" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "நேர்லதான் வரணுமா?"

"பஸ் நிலையத்துல உக்காந்திருந்தேன். உங்க செய்தி பெரிசா வந்துச்சு. அம்பது பேர் படிச்சாங்க. ஆனா அங்க பட்டன் கூண்டுக்குள்ள இருக்கே... அதான் ஓடி வந்துட்டேன்."

"திருட்டு முழின்னு சொல்லிட்டேன். நாலு மணி நேரத்துக்குச் சரின்னு சொன்னது நான்தான். ஏன் சித்தப்பாகிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இப்ப மட்டும் கஷ்டமா இல்லையாக்கும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோட்டைத் திறந்து கடைசி வரியில் விரல் வைத்தாள். "கணக்கில் வராதுன்னு தெரிஞ்சும் இதை எதுக்கு எழுதினீங்க?"

அவன் பையைக் கீழே வைத்தான். முதல் தடவையாக அவனும் தடுமாறினான்.

"அது வேலைக்காக எழுதல. நாள் முழுக்க உங்ககிட்ட திட்டு வாங்கிட்டு ரூமுக்குப் போவேன். அஞ்சு மணிக்கு உங்க குரலைக் கேட்டா... எல்லாம் சரியாயிடும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் தலை குனிந்தாள். ஒரு மாதமாகக் கோபம், கோபம் என்று பெயர் சொல்லி மூடி வைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"எனக்கும்தான்," என்றாள். அறிவிப்பு அக்காவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஆனா இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு."

"இன்னுமா! கேளுங்க."

மூலையில் சாய்ந்திருந்த கறுப்புக் குடையை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். அவள் விடவில்லை.

"முதல் நாள் மழையில எதுக்குப் படம் எடுக்கறீங்கன்னு கேட்டேன். அழகா இருக்குன்னீங்க. அந்தப் பெட்டியைத்தானே சொன்னீங்க?"

அவன் கண்ணால் சிரித்தான்.

"பெட்டியா? அது முழுக்கத் துருப்பிடிச்சுக் கெடந்துச்சுங்க."